உடையும்போது ஆற்றல் தரும் புரதத்தை உடைக்க, செல் ஏன் ஏடிபியைச் செலவிடுகிறது?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை டீச்சர்

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், தமிழ்வழியில் படிக்கும் பிளஸ் டூ மாணவர்களுக்கு உயிரியல் நடத்தி வருகிறேன். செல்லுக்குள் புரதங்கள் சிதைக்கப்படும் முறையை விளக்கிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுப்பிய ஐயத்துக்குப் பாடநூலில் விடை காணவில்லை. எனவே இங்கே வைக்கிறேன்.

முற்றிய ஆட்டுக்கறி எளிதில் வேகாது என்பதால் அவளுடைய அம்மா பப்பாளிக்காயில் இரண்டு துண்டு நறுக்கிச் சட்டியில் போடுவாராம். காயின் பாலில் உள்ள பப்பாயின் என்ற நொதி கறியின் புரதத்தை உடைக்கிறது என்று நான் முன்பே வகுப்பில் சொல்லியிருந்தேன். இரைப்பையில் பெப்சினும் சிறுகுடலில் டிரிப்சினும் செய்வது அதே வேலைதான். இவற்றில் எதற்கும் செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி தேவையில்லை, நொதியும் தண்ணீரும் இருந்தால் போதும். அப்படியிருக்க, செல்லுக்குள் நடக்கும் சிதைவுக்கு மட்டும் ஏடிபி கட்டாயம் என்று ஏன் எழுதியிருக்கிறார்கள் என்பது அவள் கேள்வி.

யோசிக்க யோசிக்க இது மேலும் கூர்மையாகிறது. ஒரு பெப்டைடு பிணைப்பை உருவாக்கச் செல் குறைந்தது நான்கு உயர் ஆற்றல் பாஸ்பேட் பிணைப்புகளைச் செலவிடுகிறது. அமினோ அமிலத்தைக் கடத்து ஆர்என்ஏவில் ஏற்ற இரண்டும், ரைபோசோமில் சங்கிலியோடு சேர்க்க இரண்டும் போகின்றன. அதே பிணைப்பு நீராற்பகுப்பில் உடையும்போது ஆற்றல் வெளிவருகிறதே தவிர, உள்வாங்கப்படுவதில்லை. அப்படியானால் இரண்டாம் முறை எதற்குச் செலவு? "யூபிக்யூட்டினை (அழிக்க வேண்டிய புரதத்தில் அடையாளமாக ஒட்டப்படும் சிறு புரதத்தை) ஒட்டுவதற்கு ஏடிபி வேண்டும்" என்ற ஒரு வரி விடையை அவள் ஏற்கவில்லை. ஒட்டுவதற்கு வேண்டியிருக்கலாம், ஒட்டிய பிறகு டிரிப்சின் போன்ற ஒரு நொதி சும்மாவே வேலையை முடித்துவிடலாமே என்கிறாள். துறை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: சித்தூர் வாத்தியார், ஆந்திரம்

டீச்சருக்கு வணக்கம். நானும் சித்தூர்க்காரன்தான், ஆனால் காட்பாடியிலிருந்து பாகாலா போகும் ரயில் பாதையில் வரும் சித்தூர். உயிர்வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். உங்கள் மாணவியின் ஐயம் லேசானதன்று. இத்துறையில் இருந்தவர்களே கால் நூற்றாண்டுக் காலம் இதே கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

உடலின் புரதங்கள் ஒருமுறை கட்டப்பட்டால் அப்படியே நிற்பவை, சாப்பிடும் புரதம் எரிபொருளாக மட்டும் போகிறது என்ற எண்ணமே 1930-கள் வரை நிலவியது. ருடால்ஃப் ஷோன்ஹைமர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நைட்ரஜன்-15 கொண்ட அமினோ அமிலங்களை எலிகளுக்கு ஊட்டிப் பார்த்தபோது, அவற்றில் பெரும்பங்கு சிறுநீரில் வெளியேறாமல் உடலின் புரதங்களுக்குள் புகுந்துகொள்வதைக் கண்டார். உடல் எடை கூடாதபோது புதியது உள்ளே வருகிறது என்றால் பழையது வெளியேறிக்கொண்டே இருக்க வேண்டும். 1953-இல் மெல்வின் சிம்ப்சன் அடுத்த அடியை வைத்தார். எலியின் கல்லீரலை மெல்லிய சீவல்களாக அறுத்து, அவற்றின் புரதத்தில் கதிரியக்க அடையாளத்தோடு சேர்ந்திருந்த அமினோ அமிலங்கள் எவ்வளவு வேகமாக விடுபடுகின்றன என்று அளந்தார். செல்லின் ஆற்றல் உற்பத்தியை முடக்கியதும் அந்த விடுபடுதலும் குறைந்தது. வெப்ப இயக்கவியலின்படி இது நடக்கவே கூடாத செய்தி. ஆகவே பலரும் அதை நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை, ஒதுக்கி வைத்தார்கள்.

1955-இல் கிறிஸ்தியான் டி டுவ், செல்லின் செரிமானப் பையான லைசோசோமை அறிவித்தபோது விடை கிடைத்துவிட்டதாகவே தோன்றியது. லைசோசோமின் உட்புறம் பி.எச் ஏறத்தாழ 4.5 முதல் 5 வரை அமிலத் தன்மை கொண்டது, செல்லின் சாற்றிலோ அது 7.2 அளவில் இருக்கிறது. இந்த வேறுபாட்டைக் காக்க புரோட்டான்களை இடைவிடாமல் உள்ளே தள்ளும் பம்பு ஒன்று சவ்வில் உண்டு, அது ஏடிபியில் ஓடுவது. ஆகவே ஏடிபி தேவைப்படுவது பம்புக்கு, உடைப்புக்கு அன்று என்று சொல்லிவிடலாம். லைசோசோமைப் பொறுத்தவரை அந்த விளக்கம் இன்றும் செல்லும். ஆனால் ஒரு பையில் விழுந்ததையெல்லாம் செரிக்கும் அமைப்பினால், ஒரு புரதத்தைச் சில நிமிடங்களில் அழித்து, பக்கத்திலேயே இருக்கும் இன்னொன்றைப் பல நாள் விட்டுவைக்க எப்படி முடியும்? அதைவிடப் பெரிய இடைஞ்சல் ரெட்டிகுலோசைட் எனப்படும் முதிராச் சிவப்பணுவிலிருந்து வந்தது. அதில் லைசோசோமே இல்லை, ஆனாலும் பிறழ்ந்த ஹீமோகுளோபினை அது விரைவாகச் சிதைக்கிறது. 1977-இல் எட்லிங்கரும் கோல்ட்பர்கும் முயலின் ரெட்டிகுலோசைட்டுகளை உடைத்துச் சாறெடுத்து, ஏடிபி சேர்த்தால் அந்தச் சாற்றில் புரதம் சிதைகிறது, சேர்க்காவிட்டால் சிதைவதில்லை என்று காட்டினார்கள்.

இஸ்ரேலின் ஹைஃபா நகரில் அவ்ரம் ஹெர்ஷ்கோவும் அவருடைய மாணவர் ஆரோன் சியக்கனோவரும் அதே சாற்றை நிரல் வழியாக ஓட்டி இரண்டு பகுதிகளாகப் பிரித்தார்கள். தனித்தனியே எந்தப் பகுதியும் வேலை செய்யவில்லை, சேர்த்தால் செய்தது. ஹீமோகுளோபினால் செக்கச் சிவந்திருந்த முதல் பகுதியில் தேவையான பொருள் எது என்று தேடியவர்கள் அதைக் கொதிக்க வைத்தார்கள். ஹீமோகுளோபின் திரிந்து கட்டிப்பட்டு அடியில் தங்க, மேலே நின்ற தெளிந்த நீரில் வேலை செய்யும் பொருள் கெடாமல் இருந்தது. கொதிநிலையையும் தாங்கும் அந்தச் சிறு புரதம்தான் 76 அமினோ அமிலங்கள் கொண்ட யூபிக்யூட்டின். அதற்கு முன்பே, 1975-இல், மாட்டின் தைமஸ் சுரப்பியிலிருந்து வேறு காரணத்துக்காக அதைப் பிரித்தெடுத்திருந்தார்கள். இரண்டும் ஒன்றே என்பது 1980-இல் தெரிந்தது. ஹெர்ஷ்கோ, சியக்கனோவர் இருவருக்கும், பிலடெல்ஃபியாவில் அவர்களோடு உழைத்த இர்வின் ரோஸுக்கும் 2004-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இனி நேரடியாக விடைக்கு வருகிறேன். பெப்டைடு பிணைப்பை உடைக்கும் வினைக்கு ஏடிபி தேவையில்லை என்று உங்கள் மாணவி சொல்வது முற்றிலும் சரி. செல் செலவிடுவது உடைப்பதற்காக அன்று, தேவையற்றதை உடைக்காமல் இருப்பதற்காக. கணையம் டிரிப்சினை டிரிப்சினோஜென் என்ற முடங்கிய வடிவில் செய்து குடலுக்கு அனுப்பியபின்தான் அது விழித்துக்கொள்கிறது. கணையத்துக்குள்ளேயே விழித்துவிட்டால் அந்த உறுப்பே அரிபடும். கடுமையான கணைய அழற்சியில் நேர்வது அதுதான். செல்லின் சாற்றில் டிரிப்சினைத் திறந்து விட்டால், ஒட்டு விழுந்த புரதம் எது, விழாத புரதம் எது என்று அது பார்க்காது. ஆகவே "ஒட்டிய பிறகு டிரிப்சின் போதுமே" என்ற வாதம் இங்கே முறிகிறது. வெட்டும் பற்கள் வெளியே தெரியக்கூடாது, ஒரு கூட்டுக்குள் ஒளிந்திருக்க வேண்டும்.

அந்தக் கூடுதான் புரோட்டியசோம். ஏழு துணை அலகுகள் கொண்ட வளையங்கள் நான்கு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பீப்பாய் அது. வெட்டும் இடங்கள் நடு வளையங்கள் இரண்டின் உட்சுவரில் இருக்கின்றன. பீப்பாயின் இரு வாய்களும் மிகக் குறுகியவை, சாதாரண நிலையில் மூடியும் இருப்பவை. மடிந்து சுருண்ட நிலையில் எந்தப் புரதமும் அதற்குள் நுழைய முடியாது. வாயில் பொருந்தியிருக்கும் தொப்பிப் பகுதியில் ஆறு ஏடிபியேஸ் அலகுகள் வளையமாக நிற்கின்றன. அவை ஏடிபியை உடைத்து உடைத்து, புரதச் சங்கிலியைப் பிடித்து இழுத்து, மடிப்பவிழ்த்து, நூலாக உள்ளே தள்ளுகின்றன. செலவின் பெரும்பகுதி இங்கேதான். நூலில் ஒட்டியிருந்த யூபிக்யூட்டினைத் தொப்பியிலுள்ள வேறொரு நொதி நுழைவாயிலிலேயே கழற்றி மறுபயனுக்கு விட்டுவிடுகிறது.

ஒட்டும் செலவு இதற்கு முந்தியது. ஈ-1 என்ற நொதி ஒரு ஏடிபியை ஏஎம்பி வரை உடைத்து யூபிக்யூட்டினைத் தூண்டுகிறது, ஈ-2 அதைச் சுமக்கிறது, ஈ-3 இலக்குப் புரதத்தை அடையாளம் கண்டு அதிலுள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தில் ஒட்ட வைக்கிறது. 48-ஆம் லைசின் வழியாக யூபிக்யூட்டின்மேல் யூபிக்யூட்டினாக நான்கேனும் தொடர்ந்தால்தான் புரோட்டியசோம் நன்றாகப் பற்றிக்கொள்ளும். சாலையை அகலப்படுத்தும்போது வெட்ட வேண்டிய புளியமரங்களுக்கு முன்கூட்டியே வந்து பெயிண்டில் நம்பர் போட்டுப் போவார்களே, அதுபோலத்தான். அறுப்பவர் ஆராய்வதில்லை, நம்பர் போடுகிறவரிடம்தான் எல்லாம் இருக்கிறது. மனித செல்லில் ஈ-1 இரண்டே வகை; ஈ-3 அறுநூறுக்கும் மேல்.

பப்பாளிக்கும் இதில் இடமுண்டு. உறுதியாக மடிந்த புரதத்தின் உட்புறப் பிணைப்புகள் நொதிக்கு எளிதில் எட்டுவதில்லை. இரைப்பையில் அமிலம் அந்த மடிப்பைக் கலைத்துக் கொடுக்கிறது. கறிச்சட்டியில் சூடு அதைச் செய்கிறது, பப்பாயினோ 65 டிகிரி அளவிலும் சுறுசுறுப்பாக வேலை செய்யக்கூடியது. 37 டிகிரியில், நடுநிலைச் சாற்றில், பக்கத்துப் புரதங்களுக்கு ஒரு கீறலும் விழாமல் ஒன்றை மட்டும் மடிப்பவிழ்க்க வேண்டுமானால் செல்லுக்கு அமிலமும் உதவாது, சூடும் உதவாது. எஞ்சியிருப்பது ஏடிபி.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்

ஐயா, மிக்க நன்றி. மூன்று இடங்களிலும் மடிப்பை யார் அவிழ்க்கிறார்கள் என்று கேட்டுப் பாடத்தைத் தொடங்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. வகுப்பில் இதைப் படித்துக் காட்டினேன். உடனே இரண்டு கேள்விகள் வந்தன. சில புரதங்கள் சில நிமிடங்களிலேயே அழிக்கப்படுகின்றன என்கிறீர்களே, அவ்வளவு செலவழித்துச் செய்ததை அவ்வளவு விரைவாக அழிப்பதற்கு அதைச் செய்யாமலே இருந்துவிடலாமே என்பது முதலாவது. பாக்டீரியாவில் யூபிக்யூட்டின் இல்லை என்று பாடநூலில் இருக்கிறது, அப்படியானால் அங்கே ஏடிபி செலவில்லாமல் புரதம் சிதைகிறதா என்பது இரண்டாவது. இதைக் கேட்டதும் அதே மாணவிதான்.

பதில்: வேலந்தாவளம் மருந்தாளுநர்

எல்லைக்கு இப்புறம் வீடு, கோவையில் புற்றுநோய் மருந்துகள் கலக்கும் பிரிவில் வேலை. கேள்விக்கு நேர் விடை என்னிடம் இல்லை. ஆனால் வாத்தியார் ஐயா சொன்ன அந்தப் பீப்பாயின் வாய்க்கு உள்ளே போய் வேலை செய்யும் மருந்தை நான் தினமும் கையால் கலக்கிறேன் என்பதால் எழுதுகிறேன்.

போர்டெசோமிப் என்பது அதன் பெயர். 3.5 மில்லிகிராம் வெண்பொடி அடங்கிய சிறு குப்பியாக வரும். தோலுக்கு அடியில் போடுவதென்றால் 1.4 மில்லி சலைனிலும், நரம்பில் ஏற்றுவதென்றால் 3.5 மில்லி சலைனிலும் கரைக்க வேண்டும். ஒரே குப்பிக்கு இரண்டு செறிவுகள் உண்டு என்பதால், எந்த வழி என்று சிரிஞ்சின் மேலேயே எழுதி ஒட்டாமல் வெளியே அனுப்புவதில்லை. மூலக்கூறின் முனையில் ஒரு போரான் அணு இருக்கிறது. புரோட்டியசோமின் வெட்டும் இடத்தில் உள்ள திரியோனினைப் பற்றிக்கொண்டு அந்த இடத்தை அடைப்பது இந்த போரான் பகுதிதான். மல்டிபிள் மையலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்காக 2003-இல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது.

எல்லாச் செல்லிலும் புரோட்டியசோம் இருக்கும்போது மையலோமா செல் மட்டும் ஏன் முதலில் சாகிறது என்று நோயாளியோடு வருகிறவர்கள் கேட்பதுண்டு. மையலோமா செல்கள் பிளாஸ்மா செல் வழி வந்தவை, எதிர்ப்பொருள் புரதத்தைக் குவியல் குவியலாகச் செய்வதே அவற்றின் தொழில். அவ்வளவு செய்யும்போது பிசகாக மடிந்தவையும் ஏராளமாக உண்டாகும். அவற்றை எண்டோபிளாச வலையிலிருந்து வெளியே இழுத்து, யூபிக்யூட்டின் ஒட்டி, புரோட்டியசோமில் போட்டுக்கொண்டே இருந்தால்தான் செல் பிழைக்கும். வழியை அடைத்தால் கழிவு தேங்கியே அது மாண்டுபோகிறது. மற்ற செல்களும் பாதிக்கப்படாமல் இல்லை. பாதம் எரிச்சல், மதமதப்பு, தட்டணுக் குறைவு, அக்கி வருவது இவையெல்லாம் இந்த மருந்தோடு வருபவை. அக்கிக்கு முன்காப்பாக மாத்திரையும் சேர்த்துத்தான் கொடுக்கிறார்கள்.

கிரீன் டீ குடிப்பது நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஆரம்பித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கிரீன் டீயில் உள்ள கேட்டெக்கின் வகைப் பொருள் ஒன்று இந்த போரான் பகுதியோடு நேராகப் பிணைந்து மருந்தைச் செயலிழக்கச் செய்வதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். அதனால் சிகிச்சைக் காலத்தில் வேண்டாம் என்கிறோம்.

எனக்கும் ஓர் ஐயம் உண்டு. இதே நோயாளிக்கு லெனலிடோமைடு மாத்திரையும் சேர்த்துத் தருகிறார்கள். அது செரிப்ளான் என்ற ஈ-3 பகுதியில் போய் ஒட்டி, அது வழக்கமாகத் தொடாத இக்காரோஸ் போன்ற புரதங்களுக்கு யூபிக்யூட்டின் போட வைக்கிறது என்று படித்தேன். ஒரு மருந்து புரோட்டியசோமை நம்பி இருக்கிறது, மற்றது அதே புரோட்டியசோமை அடைக்கிறது. இரண்டையும் ஒன்றாகத் தருவது எப்படிப் பொருந்தும்?

களியக்காவிளை வாசகர்

இந்தப் பேச்சினூடே ஒன்று கேட்கலாமா? ஏகாதசி விரதமும் நோன்பும் இருந்தால் செல் தன் பழைய புரதங்களைத் தானே தின்று சுத்தமாகிவிடும், அதைக் கண்டுபிடித்தவருக்குத்தான் 2016-இல் நோபல் கொடுத்தார்கள் என்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஆண்டுதோறும் ஒரு செய்தி சுற்றுகிறது. இதில் எவ்வளவு உண்மை?

பதில்: செங்கோட்டை ஆய்வு மாணவர், திருவனந்தபுரம்

மருந்தாளுநர் அண்ணா கேட்டதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். போர்டெசோமிப் புரோட்டியசோமை முழுவதும் அடைப்பதில்லை, அடைத்ததும் நிலையானதன்று. ஊசி போட்ட பின் செயல்பாடு இறங்கி, சில நாள்களில் மீண்டும் ஏறிவிடுகிறது. அதனால்தான் வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு என்று இடைவெளி விட்டுப் போடுகிறார்கள். லெனலிடோமைடு மாத்திரையோ பல நாள்கள் தொடர்ந்து தினமும் உள்ளே போவது. இரண்டும் ஒரே கணத்தில் முழு வலிமையோடு மோதிக்கொள்வதில்லை.

டீச்சரின் மாணவி கேட்ட முதல் கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. செய்யாமலே இருந்துவிட்டால் தேவைப்படும் நேரத்தில் மரபணுவைப் படியெடுத்து, தூது ஆர்என்ஏவை அனுப்பி, புரதத்தைக் கட்டி முடிக்கும் வரை செல் காத்திருக்க வேண்டும். ஹிஃப்-1 ஆல்ஃபா என்ற புரதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜன் குறையும்போது சிவப்பணு உற்பத்தியையும் புதிய ரத்தக் குழாய்களையும் தூண்டும் மரபணுக்களை இயக்குவது அது. ஆக்சிஜன் போதுமானதாக உள்ளபோதும் செல் அதைச் செய்துகொண்டேதான் இருக்கிறது. ஆனால் ஆக்சிஜனைப் பயன்படுத்தியே ஒரு நொதி அதன் புரோலினில் ஹைட்ராக்சில் தொகுதியைச் சேர்க்க, விஎச்எல் என்ற புரதம் அந்த அடையாளத்தைக் கண்டு யூபிக்யூட்டின் ஒட்ட வைக்கிறது. சில நிமிடங்களில் புரதம் காலி. ஆக்சிஜன் குறைந்த நொடியில் ஹைட்ராக்சில் சேர்வது நிற்கிறது, அழிவும் நிற்கிறது, ஏற்கெனவே செய்துகொண்டிருந்த புரதம் மளமளவென்று சேர்ந்துவிடுகிறது. ஆயத்த நிலையில் இருப்பதற்கான செலவு அது. இதற்காக 2019-இல் கேலின், ராட்கிளிஃப், செமென்ஸா மூவருக்கும் மருத்துவ நோபல் கிடைத்தது.

அழிப்பதற்கு வேறொரு பயனும் உண்டு. ஒரு புரதத்தில் பாஸ்பேட் ஒட்டி அணைத்து வைத்தால் அதைக் கழற்றி மறுபடி இயக்கிவிடலாம். அழித்துவிட்டால் பின்னுக்குப் போக வழியில்லை. 1982-இல் டிம் ஹன்ட் கடல் முள்ளெலியின் கருவுற்ற முட்டைகளில், ஒவ்வொரு செல் பிரிதலுக்கும் முன்பு பெருகிப் பிரியும் தறுவாயில் சட்டென்று மறையும் ஒரு புரதத்தைக் கண்டார். சைக்ளின் என்று பெயரிட்டார். அது மறைவதால்தான் செல் பிரிதலை முடித்து முன்னே செல்கிறது, பாதி வழியில் திரும்புவதில்லை. இந்த நம்பர் போடும் வேலையில் வைரசுகளும் கை வைக்கும். கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி வைரசின் ஈ-6 புரதம் நம் செல்லின் ஈ-3 நொதி ஒன்றைப் பிடித்து, புற்றுநோயைத் தடுக்கும் பி53 புரதத்துக்கு யூபிக்யூட்டின் ஒட்ட வைத்து அழித்துவிடுகிறது. பெயர் ஒரே மாதிரி இருப்பதால் மாணவர்கள் குழம்புவார்கள். வைரசின் ஈ-6 வேறு, ஒட்டும் நொதிகளான ஈ-1, ஈ-2, ஈ-3 வேறு.

வீணாகிறதே என்ற கவலையும் அவ்வளவு வேண்டாம். சுமார் 70 கிலோ எடையுள்ள ஒருவர் உடல் நாளொன்றுக்குச் செய்யும் புரதம் 250 முதல் 300 கிராம் வரை. சாப்பிடுவதோ அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மீதமெல்லாம் உடைந்த புரதத்தின் அமினோ அமிலங்களே திரும்பி வருவதுதான். உடைக்காமல் விடப்படுபவையும் உண்டு. கண் வில்லையின் நடுவில் உள்ள கிரிஸ்டலின் புரதம் நாம் பிறக்கும் முன்பு செய்தது, கடைசிவரை அதேதான்.

விரதத்தைப் பற்றிக் கேட்டவருக்கு: 2016-இல் பரிசு பெற்ற யோஷினோரி ஓசுமி ஆராய்ந்தது ஈஸ்ட்டை. ஈஸ்ட் செல்லின் வேக்குவோல் நம் லைசோசோமுக்கு இணையானது. அதற்குள் இருக்கும் புரதச் சிதைவு நொதிகள் இல்லாத ஈஸ்ட்டை எடுத்துப் பட்டினி போட்டார். உள்ளே வந்தவை செரியாமல் தேங்கியதால், சில மணி நேரத்தில் வேக்குவோல் நிறையச் சிறு குமிழ்கள் துள்ளுவதைச் சாதாரண ஒளி நுண்ணோக்கியிலேயே பார்க்க முடிந்தது. இந்தக் குமிழ்கள் உண்டாகாத திரிபுகளைத் தேடிப் பிடித்து, அதற்குக் காரணமான மரபணுக்களை அவர் கண்டறிந்தார். பரிசு அதற்கு, விரதத்துக்கு யாரும் நோபல் தரவில்லை. செல் தன் பாகங்களைத் தானே செரிக்கும் இந்தத் தன்னுண்ணல் பட்டினியில் பாலூட்டிகளிலும் கூடும் என்பது உண்மை. எலி வகைகளின் கல்லீரல் இரண்டு நாள் பட்டினியில் தன் புரதத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இழந்துவிடும். அங்கே பழையது மட்டும் பொறுக்கி எடுக்கப்படுவதில்லை, செல்சாற்றை மொத்தமாக வளைத்துப் போடும் வேலையும் நடக்கிறது. தசைப் புரதமும் அமினோ அமிலமாகக் கரைந்து கல்லீரலுக்குப் போய், மூளைக்கான குளுக்கோஸாகிறது. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இந்த வாட்ஸ்அப் செய்தியை நம்பி மருத்துவரிடம் கேட்காமல் பட்டினி கிடக்கக் கூடாது என்பதையும் உங்கள் குழுவில் போடுங்கள்.

பதில்: சித்தூர் வாத்தியார், ஆந்திரம்

பாக்டீரியா பற்றிய கேள்வி விடுபட்டிருக்கிறது. நான் முதலில் சொன்னதற்குச் சரியான சோதனைக்கல் அதுதான்.

யூபிக்யூட்டின் ஒட்டுவதற்காக மட்டுமே ஏடிபி செலவாகிறது என்றால், யூபிக்யூட்டினே இல்லாத எ.கோலையில் செலவு இருக்கக் கூடாது. ஆனால் இருக்கிறது. லான் என்ற நொதியும், கிளிப்-எக்ஸ், கிளிப்-பி என்ற இணையும் அங்கே புரதங்களைச் சிதைப்பவை. கிளிப்-பி ஏழு அலகு வளையங்கள் இரண்டு சேர்ந்த கூடு. வெட்டும் இடங்கள் அதற்கும் உள்ளே. கிளிப்-எக்ஸ் ஆறு அலகுகளாலான ஏடிபியேஸ் வளையம், கூட்டின் வாயில் உட்கார்ந்திருப்பது. நம் புரோட்டியசோமின் அமைப்பைச் சுருக்கி வரைந்ததுபோலவே இருக்கும். அடையாளத்துக்கும் அங்கே வேறு ஏற்பாடு உண்டு. முடிவுக் குறியீடு இல்லாத, சிதைந்த தூது ஆர்என்ஏவில் ரைபோசோம் சிக்கிக்கொண்டால், அது செய்துகொண்டிருந்த அரைகுறைப் புரதத்தின் வாலில் 11 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டு சேர்க்கப்படுகிறது. அந்த வாலைக் கிளிப்-எக்ஸ் பிடித்துக்கொள்கிறது. காசநோய்க் கிருமியிலோ புரோட்டியசோமே உண்டு. யூபிக்யூட்டினுக்குப் பதில் பப் என்ற வேறொரு சிறு புரதத்தை அது லைசினில் ஒட்டுகிறது. அடையாளம் உயிரினத்துக்கு உயிரினம் மாறுகிறது, மடிப்பவிழ்த்து உள்ளே தள்ளும் ஏடிபி வளையம் மாறவில்லை.

உங்கள் மாணவி இதற்கும் மறுப்பு வைத்திருப்பாள் என்று எண்ணுவதால் இதையும் சேர்க்கிறேன். கிளிப்-பி கூட்டைத் தனியே எடுத்து, ஏடிபியும் இல்லாமல், கிளிப்-எக்ஸும் இல்லாமல், ஐந்தாறு அமினோ அமிலம் நீளமுள்ள பெப்டைடுகளைக் கொடுத்தால் அது தாராளமாக வெட்டித் தள்ளும். வாய் வழியாக அவை தாமாகவே நுழைந்துவிடுகின்றன. அதே குழாயில் மடிந்த முழுப் புரதத்தைப் போட்டால் அது அப்படியே இருக்கும். கிளிப்-எக்ஸைச் சேர்த்து ஏடிபி கொடுக்காவிட்டாலும், வாலில் அடையாளம் உள்ள புரதம் உடைபடுவதில்லை. ஏடிபியையும் சேர்த்த பிறகே சிதைவு தொடங்குகிறது.